டீஃபன்லோவின் வெள்ளிக் கை

ஊர் மண்டபத்தில் பெட்டி திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. உள்ளே விரித்திருந்த கருநீல வெல்வெட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது.

"இங்கதான் இருந்துச்சு. நானூத்தம்பது வருஷமா இந்த ஊரை விட்டுப் போகல. இன்னிக்குக் காலைல வந்து பாத்தா காணோம்," என்றார் கிரெசென்ஸ் ஃபென்ட்.

கிரெசென்ஸ் டீஃபன்லோவின் ஊர்த்தலைவி. ஊரில் இருக்கும் ஒரே மதுக்கடையை நடத்துபவரும், காலையில் எங்களைப் போனில் கூப்பிட்டவரும் அவர்தான். ஐம்பது வயதிருக்கும், தோள் இரண்டும் பீர் பீப்பாய் உருட்டியே அகன்றவை. அழக்கூடிய ஆள் இல்லை. ஆனால் அன்று காலை அவர் பெட்டியைப் பார்த்த பார்வையில் அழுகைக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

"சாவி?" என்று கேட்டார் என் பாஸ் ஹெட்விக் ரோஸ்னர்.

"கடையில, பீர்க் குழாய்க்குப் பின்னாடி ஆணியில தொங்கும்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. அது சுலபம்."

"அருமையான பாதுகாப்பு. பேசாம பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கலாம்," என்றேன் நான்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஹெட்விக் ரோஸ்னர் பார்த்தால் வூர்ஸ்பர்க்கில் பலபேர் வாயை மூடிக்கொள்வார்கள். அங்கே துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த பெண்மணி அவர். சாட்சிக் கூண்டில் ஏறுகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, எவன் எப்போது பொய் சொல்வான் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் காஸ்பர் டீட்ஸ். அவருக்குக் கார் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், கேட்காதபோது கருத்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஊர் ஊராய் வேனில் போய் தொத்திறைச்சியும் சீஸும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தப் பிழைப்பும் வீண் போகவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம் முழுக்கச் சின்ன ஊர்களைப் பிடித்துப் பெரிய ஊர்களோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. மேலே யாரோ வரைபடத்தில் கோடு கிழித்தால் கீழே ஓர் ஊர் காணாமல் போகும். டீஃபன்லோவை மலைமேல் இருக்கும் கோல்ஸ்டைன் நகரத்தோடு சேர்ப்பதாக முடிவு. கடைசி முறையீட்டைக் கேட்க அன்று மூன்று மணிக்கு அரசுக் குழு வருவதாக இருந்தது. டீஃபன்லோவின் கையில் இருந்த துருப்புச்சீட்டு ஒன்றே ஒன்றுதான். நாங்கள் எவனுக்கும் கீழே இருந்தவர்கள் இல்லை, எங்களுக்கென்று சொந்த முத்திரை வைத்திருந்த ஊர் என்பது. பழைய தாள்களெல்லாம் போரில் எரிந்துவிட்டன. மிச்சம் இருந்தது அந்த வெண்கல முத்திரை அச்சு மட்டும்தான். இப்போது அதுவும் இல்லை.

"மூணு மணிக்குள்ள கிடைக்கலைன்னா நாங்க வாயால சொல்றதுதான் சாட்சி. வாயால சொன்னா ஒரு நாய் கூட நம்பாது," என்றார் கிரெசென்ஸ்.

அப்போது கதவைத் தட்டாமலே ஒருவர் உள்ளே வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சவரத் தைலம் மணக்கும் கன்னம். கோல்ஸ்டைன் நகர மேயர் டாக்டர் ஷ்டெங்கல். மண்டபத்தில் நாற்காலி போதுமா என்று பார்க்க வந்தாராம்.

"கேள்விப்பட்டேன், ஃபென்ட் அம்மா. முத்திரை தொலைஞ்சு போச்சாமே. மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றார். குரலில் கஷ்டம் மருந்துக்கும் இல்லை. "ஆனா இருந்திருந்தாலும் அது எங்களுக்குத்தானே சாட்சி சொல்லியிருக்கும்?"

சன்னல் வழியே வெளியே கைகாட்டினார். கம்பத்தில் ஊர்க்கொடி ஆடிக்கொண்டிருந்தது. சிவப்புக் கேடயம். அதன் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நீளும் ஒரு வெள்ளிக் கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மண்ணைப் பார்த்து நீண்டிருக்க, மற்ற இரண்டும் உள்ளங்கையில் மடங்கியிருந்தன.

"யாரோட கை அது?" என்று கேட்டார் பாஸ், ஒன்றும் தெரியாதவர் போல.

"எங்க பிரபுவோட கை, அம்மா. ஆயிரத்தி ஐநூத்தி இருபத்தஞ்சுல விவசாயிங்க கலகம் பண்ணித் தோத்தாங்க இல்ல? இந்த ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் எங்க கோட்டை முற்றத்துல வரிசையா நின்னு, கோல்ஸ்டைனுக்கு என்னிக்கும் அடங்கி நடப்போம்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. மனசு இரங்கி பிரபு மேலேயிருந்து நீட்டின அருட்கை அது. நான் சொல்லல. இவங்க ஊர் வாத்தியாரே எழுதி வெச்சிருக்கார். எங்க நகராட்சி வெளியிட்ட சின்னப் புத்தகத்துலயும் போட்டிருக்கோம்." கிரெசென்ஸின் பக்கம் திரும்பினார். "உங்க தலைக்கு மேல எங்க கை. நீங்களே கொடியில தைச்சு ஏத்தி வெச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?"

கிரெசென்ஸ் கழுத்திலிருந்து காது வரை சிவந்து போனார். இருபத்தைந்து வருடங்களாக அந்த ஊரார் இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறார்கள் என்பதும், ஒருநாளும் அதற்குப் பதில் இருந்ததில்லை என்பதும் அந்த முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அந்த ஆளை அப்படியே சன்னல் வழியாக வெளியே அனுப்பவேண்டும் போலிருந்தது.

அவர் நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போனதும் பாஸ் பெட்டியின் மேல் குனிந்தார். வெல்வெட்டின் மடிப்பிலிருந்து நகநுனியால் எதையோ எடுத்தார். அரிசி அளவு, நல்ல சிவப்பு.

"அரக்கு. யாரோ முத்திரையை எடுத்து அரக்குல குத்திப் பாத்திருக்காங்க," என்றார் கிரெசென்ஸ். "தபால் ஆபீஸ்ல கேட்டா யார் வாங்கினாங்கன்னு சொல்லிடுவாங்க."

பாஸ் அதை என் உள்ளங்கையில் வைத்தார். "காஸ்பர், என்ன சொல்றே?"

நான் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். மோந்து பார்த்தேன். பிறகு நுனிநாக்கில் வைத்தேன். கிரெசென்ஸ் முகத்தைச் சுளித்தார்.

"அரக்கு இல்ல, பாஸ். அரக்குன்னா படக்குன்னு ஒடியும், பிசின் வாடை அடிக்கும். இது வளையுது. வாடையும் வேற."

"என்ன வாடை?"

"சீஸ். டச்சுக்காரன் உருண்டை சீஸுக்கு மேல சிவப்பா மெழுகு பூசுவானே, அந்த மெழுகு. இத வேன்ல வெச்சு வித்து வித்து என் கைரேகையே சிவந்து போயிருந்துச்சு."

"இந்த ஊர்ல அதெல்லாம் யாரும் திங்கிறதில்ல," என்றார் கிரெசென்ஸ்.

"யாரும் திங்கலைன்னா நல்லதுதான். திங்கிற அந்த ஒருத்தரைக் கண்டுபிடிக்கிறது சுலபம்," என்றார் பாஸ்.

ஊரின் ஒரே மளிகைக் கடை தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. கல்லாவில் ரோஸ்வீத்தா என்கிற அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிவப்பு மெழுகு போட்ட டச்சு சீஸ் ஒண்ணு வேணும்," என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"அத மனுஷங்க திங்க மாட்டாங்க. கடை தொறந்த புதுசுல ஒண்ணு வாங்கி வெச்சேன். எலி கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. நல்ல காய்ச்சின சீஸ் இருக்கு, சீரகம் போட்டது. கால் கிலோ தரவா?"

"அம்மா, என் முதலாளிக்கு வயித்துக் கோளாறு. டச்சு சீஸ்தான் ஒத்துக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றேன். பின்னாலிருந்து பாஸின் குடை என் கணுக்காலில் பட்டது.

"அப்ப எப்னர் வாத்தியார்கிட்ட போய்க் கேளுங்க. அவர் மக ஹாலந்துல கட்டிக்கிட்டுப் போயிருக்கா. தாய் நாட்டுச் சீஸ மறந்துட்டு அப்பனுக்கு அந்த உருண்டைய அனுப்பி வைப்பா. தபால்காரன் போன வாரம் கூட ஒண்ணு கொண்டு வந்தான். பீரங்கிக் குண்டு வந்திருக்குன்னு இங்க வந்து காமிச்சுட்டுத்தான் போனான்."

"எப்னர் வாத்தியாரா? ஊர்ச்சின்னம் பத்தி எழுதினாரே, அவரா?" என்று கேட்டார் பாஸ்.

"எழுதினது மட்டுமா? வரைஞ்சதே அவர்தான். கொடி, தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூடச் சட்டை, எங்க கடைப் பை வரைக்கும் அவர் கைவண்ணம்தான்." ரோஸ்வீத்தா காகிதப் பை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதிலும் அந்த வெள்ளிக் கை கீழே நீண்டிருந்தது.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "தான் வரைஞ்சத தானே திருடுவாரா, பாஸ்? கோல்ஸ்டைன்காரன் விலை பேசியிருப்பானோ?"

"விலை பேசின ஆள் எடுத்துக்கிட்டுப் போய்க் குடுப்பான். மெழுகுல குத்திப் பாக்க மாட்டான். நட."

லோதார் எப்னருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குள்ளேயே கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பெரிய ஓவியம் வருபவர் கண்ணில் முதலில் படும். சிவப்பில் வெள்ளிக் கை, கீழே அழகான கையெழுத்தில் அவர் பெயர், 1952 என்று வருடம். ஆனால் அவர் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

"முத்திரை காணாமப் போனது ரொம்ப வருத்தம். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"தெரியாதுன்னா விடுங்க, சார்," என்றார் பாஸ் சாவகாசமாக. "காலைல சாப்பிடாமலே கிளம்பிட்டோம். இவன் பசி தாங்க மாட்டான். ஒரு துண்டு ரொட்டியும் சீஸும் கிடைக்குமா?"

வாத்தியார் அசையவில்லை. "சீஸ் தீந்து போச்சு."

"பரவால்ல, ரொட்டி மட்டும் நானே எடுத்துக்கிறேன்," என்று சொல்லி, அவர் எழுவதற்குள் நான் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன். பத்து வருடம் அடுத்தவர் சமையலறைக்குள் நுழைந்து வியாபாரம் பண்ணியவனுக்கு அது கைவந்த கலை.

மேசைமேல் தட்டில் சீஸ் இருந்தது. முழு உருண்டை. கத்தி படவே இல்லை. ஆனால் மேலே ஒரு பொட்டு மெழுகு கிடையாது. வெளுத்து, லேசாக வெடிக்கத் தொடங்கி, சட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தது. தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

"பாஸ், தீந்து போன சீஸ் இதுதான்."

பாஸ் உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சார், சீஸ் வெட்டும்போது அந்தத் துண்டுக்கு மேல இருக்கிற மெழுகத்தான் எல்லாரும் உரிப்பாங்க. முழுசா உரிச்சா காஞ்சு வெடிச்சுடும். ஒரு வாய் கூடத் திங்காம நீங்க மொத்தத்தையும் உரிச்சிருக்கீங்க. உங்களுக்கு வேண்டியது சீஸ் இல்ல. மெழுகு. அரக்கு வாங்கப் போனா தபால் ஆபீஸ்லயே ஊர் பேசிடும்."

வாத்தியார் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து வந்தார். அதற்குள்ளிருந்து வெண்கல முத்திரை மேசையில் உருண்டது. அதன் பின்னாலேயே சப்பட்டையாய் ஒரு சிவப்பு மெழுகு வில்லையும் விழுந்தது.

"ஆத்துல போடத்தான் போனேன். பாலம் வரைக்கும் போயிட்டேன். கை வரல," என்றார்.

"ஏன் எடுத்தீங்க?"

"குழு முன்னால அரக்குல குத்திக் காட்டப் போறேன்னு கிரெசென்ஸ் கடையில சொல்லிக்கிட்டிருந்தா. அதுக்கு முன்னாடி நான் மட்டும் பாத்துக்கலாம்னு மெழுக உருட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போனேன். பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னு அழுத்தினேன். எடுத்துப் பாத்தேன்." அவர் காலியான காலுறையை மடித்தார். "அதுக்கப்புறம் அத அங்க வெச்சுட்டு வர முடியல, அம்மா. அப்படியே எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

நான் மெழுகு வில்லையைப் பார்த்தேன். அதே கைதான். மேலிருந்து கீழே நீண்டு, மூன்று விரல் நீட்டி, இரண்டு விரல் உள்ளங்கையில் மடக்கி. "இதுல என்ன தப்பு? சுவத்துல இருக்கிறதுதானே இதுலயும் இருக்கு?"

பாஸ் எழுந்து சுவரிலிருந்த படத்தின் அருகே போனார். தன் வலது கையை அதேபோல மூன்று விரல் நீட்டி, உள்ளங்கை எங்களைப் பார்க்க, தொங்கவிட்டார். கட்டைவிரல் இருந்த பக்கம் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. மேசைக்குத் திரும்பி வந்து மெழுகு வில்லையின் பக்கத்தில் அதே கையை நீட்டினார். பொருந்தவில்லை. கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போயிருந்தது. வலது கையை எடுத்துவிட்டு இடது கையை நீட்டினார். பொருந்தியது.

"முத்திரை அச்சுல எல்லாம் இடம் வலம் மாத்தித்தான் வெட்டியிருப்பாங்க. மெழுகுல விழும்போதுதான் நேராகும். நீங்க மெழுகுல குத்திப் பாக்காம அச்சையே பாத்து வரைஞ்சுட்டீங்க," என்றார் பாஸ்.

"எழுத்து ஏதாவது இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஊர் வெட்டின முத்திரை, கை மட்டும்தான் இருக்கு," என்றார் வாத்தியார். "நான் கணக்கு வாத்தியார். கண்ணுல பட்டத அப்படியே வரைஞ்சேன். புராதனப் பொருள், மெழுகு கிழுகு பட்டா கெட்டுடும்னு யாரையும் தொட விடல. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர் தப்பான கைய ஏத்தி வெச்சிருக்கு. என்னால."

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "சரி, இடது கை. அதனால என்ன? பிரபு இடது கைப் பழக்கக்காரனா இருந்திருப்பான்."

"காஸ்பர்," என்றார் பாஸ், "நான் கோர்ட்ல இருந்தப்ப ஒரு நீதிபதி இருந்தார். நம்ம பக்கத்துக் கிராமத்து ஆளுங்க சத்தியம் எடுக்க வந்தா, வலது கையத் தூக்கறதுக்கு முன்னாடி, இடது கைய எடுத்து மேசை மேல வெய்னு சொல்லுவார். ஏன்?"

கேட்டுக்கொண்டே அவர் நிமிர்ந்து நின்றார். வலது கையை உயர்த்தி, சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல மூன்று விரலை மேலே நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பக்தி. "என் பின்னால வந்து பாரு."

நான் பின்னால் போனேன். முதுகுக்குப் பின்னே அவர் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை என்னைப் பார்த்திருந்தது. மூன்று விரல் நேராக மண்ணைக் காட்ட, இரண்டு விரல் மடங்கியிருந்தன. மெழுகில் விழுந்திருந்த கை அப்படியே உயிரோடு என் முன்னால் இருந்தது.

குளிர்ந்த சத்தியம். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். வலது கையில் ஏறுகிற சத்தியம் இடது கை வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும். ஆள்மேல் ஒட்டாது. தொத்திறைச்சியை எடுத்தது நான் இல்லை என்று அம்மாவிடம் எத்தனை தடவை இப்படி நின்றிருக்கிறேன். ஆனால் அது இடது கையாக இருந்தால்தான் செல்லும். கொடியில் இருந்தது வலது கை. அதனால்தான் அத்தனை வருடம் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

"கோட்டை முற்றம்," என்றேன். "வரிசையா நின்னு சத்தியம் பண்ணினாங்கன்னு அந்தக் கோல்ஸ்டைன்காரன் பீத்திக்கிட்டானே."

"பிரபு முன்னால உக்காந்திருந்தான். பின்னால வெறும் சுவர்," என்றார் பாஸ். "சத்தியம் பண்ணலைன்னா தலை போயிருக்கும். பண்ணினாங்க. ஊருக்குத் திரும்பி வந்து அந்தக் கையவே முத்திரையா வெட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் பிரபுவுக்குப் போன ஒவ்வொரு தாள்லயும் அதைக் குத்தி அனுப்பியிருக்காங்க. அவனும் அடக்கமான கைன்னு நெனச்சு வாங்கி வெச்சிருப்பான்."

நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஆனால் வாத்தியார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அதனாலதான் எடுத்துட்டு வந்தேன். இது தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? பொய்ச் சத்தியம் பண்ணின ஊரு. கடவுள் பேரச் சொல்லி ஏமாத்தின ஊரு. அத முத்திரையா வேற வெச்சுக்கிட்ட ஊரு. நான் தப்பா எழுதினது அசிங்கம்தான். ஆனா சரியா எழுதினா அத விட அசிங்கம். ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன் நான். எப்படி வெளிய சொல்லுவேன்?"

"அத நீங்க முடிவு பண்ண முடியாது, சார். நானும் முடியாது," என்றார் பாஸ். "தலைவின்னு ஒருத்தர் இருக்காங்க. கோட்டப் போடுங்க."

கிரெசென்ஸ் மதுக்கடைச் சமையலறையில் நின்றபடியே மெழுகு வில்லையை வாங்கிப் பார்த்தார். பாஸ் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். கிரெசென்ஸ் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மூன்று விரலை நீட்டி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"வாத்தியாரே," என்றார் கடைசியில். "எங்கப்பா சாகும்போது கூட இந்தக் கைய நெனச்சுக் குன்றிப் போய்ச் செத்தார். சந்தைக்குப் போனா கோல்ஸ்டைன்காரன், தலையக் குனி, ஆசீர்வாதம் பண்றேன்னு கிண்டல் பண்ணுவான். அவங்க அருள்னு சொல்லி எங்க தலையில தடவிக்கிட்டிருந்த கை இது. நீங்க இத ஆத்துல போடப் போனீங்களா?"

"மன்னிச்சுடு, கிரெசென்ஸ். கொடி, வண்டி, பை, எல்லாம் தப்பு. எல்லாத்தையும் மறுபடி வரையணும். மூணு மணிக்குள்ள எப்படி..."

"வரையறதெல்லாம் அப்புறம்." கிரெசென்ஸ் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தார். "கொடி துணிதானே? இந்தப் பக்கம் வலது கைன்னா அந்தப் பக்கம் என்ன?"

வாத்தியார் வாயைப் பிளந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாகக் கொடியைப் பின்னாலிருந்து பார்த்த காக்காய்க்கும் குருவிக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. நானும் கிரெசென்ஸும் கம்பத்துக்குப் போய் கொடியை இறக்கி, மண்டபத்துக்குள் கொண்டுவந்து, குழு உட்காரும் மேசைக்கு எதிர்ச் சுவரில் பின்பக்கம் தெரியும்படி ஆணியடித்து மாட்டினோம்.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்னால் மேசையில் குழுத் தலைவர், வழுக்கையும் சளியும் பிடித்த ஒரு மூத்த அதிகாரி. அவருக்கு இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரமாக டாக்டர் ஷ்டெங்கல், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

பாஸ் உண்மையான அரக்கை உருக்கி, எல்லோர் கண்முன்னாலும் முத்திரையை அழுத்தி எடுத்தார். கிரெசென்ஸ் எழுந்து பேசினார். அலங்காரம் எதுவும் இல்லை. அச்சு எப்படித் திரும்பியிருந்தது, வாத்தியார் எங்கே தவறினார், அது எந்தக் கை, எங்கே நீட்டிய கை என்று வரிசையாகச் சொன்னார். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது பரவி மண்டபமே அதிர்ந்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. வெகுநாள் கழுத்தில் கிடந்த நுகத்தை இறக்கி வைத்தவர்களின் சிரிப்பு அது.

டாக்டர் ஷ்டெங்கல் எழுந்துவிட்டார்.

"ஐயா, இதக் குறிச்சுக்கணும்," என்றார் குழுத் தலைவரைப் பார்த்து. "இவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. எங்க கோட்டையில நின்னு, கடவுள் மேல ஆணையிட்டு, எங்கள ஏமாத்தியிருக்காங்க. அந்தச் சத்தியம் பொய். ஆரம்பத்துலேருந்தே பொய்."

"குறிச்சாச்சா?" என்று கேட்டார் கிரெசென்ஸ்.

குழுவோடு வந்திருந்த சுருக்கெழுத்தாளர் தலையாட்டினார்.

"அப்ப அதுக்குக் கீழ இதையும் எழுதிக்குங்க. நாங்க குடுத்த சத்தியம் செல்லாதுன்னு கோல்ஸ்டைன் மேயரே சொல்லிட்டார். நாங்க அவங்களுக்கு அடங்கினவங்கன்னு சொல்றதுக்கு அவங்ககிட்ட இருந்த ஒரே ஆதாரம் அந்தச் சத்தியம்தான். அதைத் தன் கையாலயே கிழிச்சுப் போட்டுட்டார். நன்றி, டாக்டர். நாற்காலி போதுமா? உக்காருங்க."

ஷ்டெங்கல் உட்கார்ந்தார். அவர் கன்னத்து மணம் மட்டும் அப்படியே இருந்தது.

குழுத் தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டப்படியே நடக்கிற அதிகாரி.

"முத்திரை பழையதுதான், உங்க ஊருடையதுதான். அத என் அறிக்கையில எழுதுவேன்," என்றார். "ஆனா முடிவு எடுக்கிறது நான் இல்ல, மேலிடம். நேர்மையாச் சொல்றேன், பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாத்தான் வரும். வேற ஊர்கள்ல டிராக்டரக் குறுக்க நிறுத்தியிருக்காங்க, அலுவலகப் படியில சாணி கொட்டியிருக்காங்க. இங்க அப்படி ஆகக் கூடாது. முடிவு எதுவா இருந்தாலும் அமைதியா ஏத்துப்போம், அடங்கி நடப்போம்னு எனக்கு ஊர் சார்பா ஓர் உறுதி வேணும். இப்பவே, இங்கயே."

ஊர்த்தலைவி மக்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சின்னக் குறும்பு கூடத் தெரியவில்லை.

"ஐயா கேட்டுட்டார். என்ன சொல்றீங்க?"

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முதல் வரிசை எழுந்தது, பிறகு அடுத்தது, பிறகு மொத்த மண்டபமும். பண்ணைக்காரர்கள், தீயணைப்புப் படைக்காரர்கள், கடைக்கார ரோஸ்வீத்தா, கைக்குழந்தையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்த ஒருத்தி. இருநூறு வலது கைகள் மூன்று விரல் நீட்டி உயர்ந்தன.

"அடங்கி நடப்போம்," என்றார்கள் ஒரே குரலில். "சத்தியமா."

குழுத் தலைவரின் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிக் கோப்பை மூடினார். ஷ்டெங்கல் கூடக் கொஞ்சம் நிம்மதியாகத் தெரிந்தார். அவர்கள் முன்னால் இருந்தார்கள். நான் பின்கதவை ஒட்டி நின்றிருந்தேன்.

என் கண்ணுக்குத் தெரிந்தது இருநூறு முதுகுகள். ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் ஓர் இடது கை, மூன்று விரல் நீட்டி, பலகைத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையை வாங்கிக்கொண்டவள் மட்டும் குழந்தையின் இடது கையைப் பிடித்துக் கீழே நீட்டிவிட்டிருந்தாள்.

கடைசி வரிசையில் எப்னர் வாத்தியார் மட்டும் வேறு மாதிரி நின்றிருந்தார். அவர் வலது கையும் உயர்ந்திருந்தது. இடது கை தொப்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றவர்கள் கையை இறக்கத் தொடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தொப்பி தரையில் விழுந்தது. காலியான கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போய், மூன்று விரலை நீட்டி, இரண்டை மடக்கிக்கொண்டது. தொப்பியை எடுக்க அவர் குனியவில்லை.